மழை 2:10க்கு, சைரன் 4:06க்கு: ஏற்காட்டுக் காபிக் களத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம் ஒரு காபி எஸ்டேட். பிற்பகல் 4:06க்குப் பல்பர் கொட்டகைக் கூரையில் இருந்த சைரன் ஊதியது. அது ஊதினால் மழை வருகிறது என்று பொருள். தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஓடிவந்து, களத்தில் காயும் காபியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஓய்வு நாளாக இருந்தும் 14 பேர் ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் நல்ல வெயில். மூன்று களங்களில் ஒன்று முழுக்க நனைந்து, ஓரத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மழை வந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்தச் சைரனை ஊத வைத்தது நாங்கள் எழுதிய நிரல். சேலம் பேர்லேண்ட்ஸில் இருந்து வேலை பார்க்கும் மூன்று பேர் கொண்ட குழு எங்களுடையது. அன்று சாயங்காலம் எஸ்டேட்டின் கணக்கும் ஆள் பதிவும் பார்க்கும் ரைட்டர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நனைஞ்சதக்கூட மறுபடி காய வெச்சுக்கலாம். இனிமே சைரன் ஊதினா ஆள் வருமான்னுதான் எனக்குச் சந்தேகமா இருக்குது."

அவர் சொன்ன வரிசை சரி. காபி நனைந்தது இரண்டாவது நஷ்டம். முதல் நஷ்டம் நம்பிக்கை. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். சென்சார், கேட்வே, சர்வர் என்று வாங்கி மாட்டுவதைப் பற்றித் தமிழில் நிறையப் பேசுகிறோம். இவற்றுக்கு நடுவே ஓடும் மென்பொருள் அடித்தளம் எப்படித் தவறுகிறது என்று நிதானமாகப் பேசுவது குறைவு.

களம்

சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில். இருநூறு ஆண்டாகக் களத்தை மழையிலிருந்து காப்பது கண்ணும் காதும் செய்துவந்த வேலை. அதற்குள்தான் நாங்கள் ஒரு கருவியை நுழைத்தோம்.

பழுத்த காபிப் பழத்தைப் பல்பரில் விட்டுத் தோலை நீக்கி, தொட்டியில் ஊறவைத்து வழுவழுப்பைப் போக்கி, கழுவிக் களத்தில் பரப்புவார்கள். மேலே மெல்லிய ஓடு ஒட்டியிருக்கும் அந்த விதைக்குப் பார்ச்மென்ட் என்று பெயர். கழுவி எடுக்கும்போது பாதிக்கு மேல் ஈரமாக இருப்பது, வெயிலில் ஒரு வாரம் பத்து நாள் காய்ந்து 10-11 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ரைட்டர் ஒரு விதையைப் பல்லில் கடித்துப் பார்த்தே இன்னும் எத்தனை நாள் என்று சொல்லிவிடுவார். பாதி காய்ந்தது மறுபடி நனைந்தால் நிறம் மங்கும், பூஞ்சை பிடிக்கும், வாடை ஏறும். கோப்பையில் ஊற்றிச் சுவைத்துப் பார்த்து விலை சொல்பவரிடம் அந்த வாடையை மறைக்க முடியாது.

வேலை நாளில் களத்தில் ஆள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காபியைக் கிளறிவிட இரண்டு பெண்கள் மட்டும் இருப்பார்கள். மூன்று களத்தையும் மூட அவர்கள் இருவரால் ஆகாது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் தெரிந்தால் லைனிலிருந்து ஆள் வந்துவிடும். வடகிழக்குப் பருவக் காற்று ஓயாத அந்த மாதங்களில் இந்த எஸ்டேட்டுக்கு மழை பெரும்பாலும் கிழக்கு மேட்டைத் தாண்டித்தான் வரும். ஆகவே மேட்டின் உச்சியில் ஒரு மழைமானி வைத்தால், களத்தில் முதல் துளி விழும் முன்பே அது சொல்லிவிடும். யோசனை ரைட்டருடையது. கட்டியது நாங்கள்.

நாங்கள் கட்டியது

மேட்டில் சாய்கிண்ண மழைமானி. 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் உள்ளே இருக்கும் சிறு கிண்ணம் சாய்ந்து ஒரு கணக்குச் சொல்லும். அதனுடன் பேட்டரியில் ஓடும் ஒரு லோரா ரேடியோ, குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் வகை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ள 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது பேசும். இடையில் சில்வர் ஓக் மரங்களும் ஒரு மேடும் இருந்ததால் மிக மெதுவான வேகத்தில்தான் செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்தது. அந்த வேகத்தில் சில பைட் அனுப்பவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். மழையைச் சொல்ல அது போதும்.

பங்களா மாடியில், அந்த ரேடியோச் செய்தியைப் பிடிக்கும் கேட்வே. அதன் கீழே மேசைமேல் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி (இனி 'பை' என்றால் இதுதான்). அதில் சர்ப்ஸ்டாக் என்ற லோராவான் (லோரா கருவிகள் பேசும் விதிமுறை) சர்வர் மென்பொருள் ஓடியது. ரேடியோவில் வந்ததை அது பிரித்துப் படித்ததும், எங்கள் சிறு நிரல் ஒன்று அதை எம்க்யூடிடி செய்தியாக மாற்றி, மும்பையில் நாங்கள் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்த புரோக்கருக்கு அனுப்பியது. "கிண்ணம் சாய்ந்தால் சைரனை ஊது" என்ற விதி இருந்ததும் மும்பையில்தான். சைரனை இயக்கிய சின்னப் பலகை எஸ்டேட் வைஃபை வழியாக அதே மும்பைப் புரோக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தது. மேனேஜர் போனில் இருந்த ஆப்பும் அங்கேதான் கேட்டது.

எம்க்யூடிடி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், செயற்கைக்கோள் இணைப்பு வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவாக்கியது அது. செய்தி சொல்பவரும் கேட்பவரும் ஒருவரை ஒருவர் அறிய வேண்டாம். நடுவில் இருக்கும் புரோக்கரிடம் ஒருவர் தலைப்பிட்டுப் போடுவார், அந்தத் தலைப்புக்குக் காத்திருப்பவர் எடுத்துக்கொள்வார். அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கென்றே பிறந்த ஏற்பாடு. ஆகவே எங்களுக்கு நம்பிக்கை அதிகமாகவே இருந்தது.

மழைக்காலத்தில் ஆறேழு முறை சைரன் சரியாக ஊதியது. நாங்கள் கீழே இறங்கிவிட்டோம்.

மழைமானி மேல் விழுந்த பழி

சம்பவத்துக்குப் பின் முதல் சந்தேகம் மழைமானி மேல். கண்ணுக்குத் தெரிகிற பொருள் அதுதான். காற்றிலும் சிலந்தியிலும் கிடப்பதும் அதுதான். பையில் இருந்த பதிவைத் திறந்தோம். முதல் மழை 1:21 என்று இருந்தது. மும்பைப் பதிவில் முதல் மழை 4:06. இந்த இரண்டு நேரத்திலும் எஸ்டேட்டில் வெயில் என்று எல்லோரும் சொன்னார்கள். மழை இல்லாதபோது மழை என்று சொல்கிறது, மழை பெய்தபோது வாயைத் திறக்கவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது என்றுதானே தோன்றும்? செவ்வாய்க்கிழமை புது மழைமானி ஒன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம்.

களத்தில் ஞாயிறன்று இருந்த இருவரில் மூத்த அக்காவிடம் கேட்டேன், மழை எப்போது வந்தது என்று. கடிகாரம் பார்த்துச் சொல்பவர் இல்லை. ஆனால் பதில் எங்கள் இரண்டு பதிவையும்விடத் துல்லியமாக இருந்தது.

"சோறு தின்னு, தட்டக் கழுவி வெச்சு, ரெண்டு மணி பஸ்ஸு மேல ஏறிப் போறதப் பாத்தேன் தம்பி. அது போயி கொஞ்ச நேரத்துலயே கெழக்கால இருட்டிக்கிட்டு வந்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் முதக் களத்த மூடிட்டோம், ரெண்டாவதும் பாதிக்கு மேல மூடிட்டோம். மூணாவதுக்குப் போறதுக்குள்ள கொட்டிருச்சு."

"கரண்ட் இருந்துச்சாக்கா?"

"அது ஒரு மணிக்கே போயிருச்சே. டவரும் இல்ல. என் மகன் போன வெச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருந்தான்."

புது மழைமானியைத் தோள்பையிலிருந்து எடுக்கவே இல்லை. அங்கேயே ஒரு மர நிழலில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தோம்.

எங்கள் மழைமானி 10 நிமிடத்துக்கு ஒருமுறை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், "இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். கிண்ணம் சாய்ந்தால் உடனே தனியாக ஒன்று அனுப்பும். லோராவானில் ஒவ்வொரு செய்திக்கும் ஏறுமுகமாக ஒரு தொடர் எண் உண்டு. பழைய செய்தியை யாரும் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைத்த எண் அது. எங்களுக்கு அன்று அது கடிகாரமாக உதவியது. சிக்னல் திரும்பி, பையின் நேரம் இணையத்தில் இருந்து திருத்தப்பட்ட பிறகு வந்த முதல் "இருக்கிறேன்" 4:08. அந்த நேரத்தை நம்பலாம். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு "இருக்கிறேன்" செய்தியாக எண்ணினோம். பன்னிரண்டாவது வந்த நேரம் 2:08 ஆக வேண்டும். தொடர் எண்ணில் அதற்கு அடுத்த செய்தியே முதல் மழை. அதாவது 2:08க்கும் 2:18க்கும் நடுவில். அந்த ரேடியோவில் நேரம் காக்கும் படிகம் ஒரு நாளைக்கு இரண்டு நொடிகூடப் பிசகாது. ஆகவே இந்தக் கணக்கில் தவறு வர வாய்ப்பில்லை. அக்கா சொன்ன ரெண்டு மணி பஸ்ஸும் இதுவும் ஒன்றோடு ஒன்று பொருந்தி நின்றன.

அப்படியானால் பையின் பதிவில் 1:21 எப்படி வந்தது? பிற்பகல் பதிவு முழுவதும் ஒரே அளவு பின்தங்கியிருந்ததைப் பிறகு பார்த்தோம்: 49 நிமிடம். நாங்கள் வைத்திருந்த ராஸ்பெர்ரி பையில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரம் மறந்துவிடும். அதற்கு மாற்றாக, அதன் இயங்குதளம் மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். வழக்கமாக அது ஒவ்வொரு மணியின் 17ஆம் நிமிடத்தில் நடக்கும். அன்று 1:06க்குக் கரண்ட் போய், இன்வெர்ட்டர் தாமதமாகப் பிடித்துக்கொண்டதால் பை அணைந்து எழுந்தது. எழுந்ததும் கோப்பைப் பார்த்தது. அதில் இருந்தது 12:17. இணையம் இருந்தால் உடனே திருத்திக்கொண்டிருக்கும். டவரும் போயிருந்ததால் கேட்க யாருமில்லை. 12:17 என்று நம்பியே மூன்று மணி நேரம் ஓடியது. 1:06க்கும் 12:17க்கும் வித்தியாசம் 49. 1:21உடன் 49ஐக் கூட்டினால் 2:10.

மழைமானி 2:10க்கு மழை என்று சொன்னது. கேட்வே அதைக் கேட்டது. பை அதைப் படித்துப் புரிந்துகொண்டது. மேசைமேல் இருந்த அந்தப் பெட்டிக்குக் களத்துக்கு முன்பே மழை தெரிந்திருந்தது. பெட்டியிலிருந்து சைரன் நாற்பது அடி தூரம். ஆனால் அந்த நாற்பது அடியைக் கடக்க, செய்தி மும்பை போய்த் திரும்ப வேண்டும் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். பாதை இல்லாததால் பை அதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தது. 4:05க்கு டவர் வந்ததும் மூன்று மணி நேரச் செய்தியையும் ஒரே மூச்சில் கொட்டியது. செய்தியோடு நேரத்தை நாங்கள் அனுப்பவில்லை. வந்து சேர்ந்த நேரமே நடந்த நேரம் என்று மும்பை விதி எடுத்துக்கொண்டு, வெயிலில் சைரனை ஊதியது.

இன்னொன்றும் நடந்தது. மேனேஜர் அன்று சூரமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேலே மேகம் கூடுவதைச் சேலத்திலிருந்தே பார்த்தவர், 2:30 வாக்கில் ஆப்பைத் திறந்திருக்கிறார். பச்சை நிறத்தில் "மழை இல்லை" என்று இருந்தது. நிம்மதியாகப் பந்திக்குப் போய்விட்டார். எம்க்யூடிடியில் ஒரு தலைப்பின் கடைசிச் செய்தியைப் புரோக்கரே வைத்துக்கொண்டு, புதிதாகக் கேட்பவருக்கு உடனே கொடுக்கும் வசதி உண்டு. நாங்கள் அதைப் பயன்படுத்தியிருந்தோம். 12:58இன் "மழை இல்லை" 2:30க்கு அவர் கையில் புத்தம் புதிதாகக் காட்சி கொடுத்தது.

புரோக்கருக்கு உண்மை தெரியாமலும் இல்லை. கேட்வே பக்கம் 60 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்புக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தோம். அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 90 நொடி, மௌனமாக இருந்தால் புரோக்கர் இணைப்பை முடித்துவிட்டு, முன்பே எழுதிக் கொடுத்த "கடைசி உயிலை" வெளியிடும். "எஸ்டேட் தொடர்பில் இல்லை" என்பது எங்கள் உயில். 1:08க்குள் அது வெளிவந்துவிட்டது. ஆப்பில் அதைக் காட்ட நாங்கள் ஓர் இடம் ஒதுக்கவில்லை. அந்தத் தலைப்பைக் கேட்க ஒருவரும் இல்லை.

இருபது வருடம் முன்பே சொன்னவர்கள்

1988இல் ஸீராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மார்க் வைசர் எங்கும் நிறை கணிமை என்ற சிந்தனையைத் தொடங்கினார். 1991 செப்டம்பரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அவர் எழுதியதன் சாரம், நல்ல தொழில்நுட்பம் அன்றாட வாழ்வோடு இழைந்து கண்ணிலிருந்து மறையும் என்பது. சுவரில், மேசையில், சட்டைப் பையில் நூற்றுக்கணக்கான கணினிகள். மனிதர் கணினியை நினைக்காமல் தன் வேலையை மட்டும் நினைப்பார். எனக்கு இன்றும் பிடித்த கனவு அது. களத்து அக்கா கணினியைப் பார்க்கவே வேண்டாம், சைரன் கேட்டால் போதும் என்று நாங்கள் நினைத்ததும் அதன் வழியில்தான்.

ஆனால் மறைந்திருப்பது கெட்டுப்போனால் கெட்டதும் சேர்ந்து மறைந்துவிடும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கான அடித்தள மென்பொருளைப் பல பல்கலைக்கழகங்கள் கட்டிப் பார்த்தன: இல்லினாயில் காயா, கார்னகி மெலனில் ஆரா, ஸ்டான்ஃபோர்டில் ஊடாட்ட அறைகளுக்கான ஈவன்ட் ஹீப். கடைசியாகச் சொன்னது ஒரு பொதுப்பலகை மாதிரி. அறையில் உள்ள கருவிகள் நிகழ்வுகளை அதில் ஒட்டும், வேண்டியவை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்ததைப் பலகையே எடுத்துவிடும். மேனேஜர் போனில் காலாவதியான ஒரு "மழை இல்லை"யைக் காட்டிய நான், இதைப் படித்தவன். படித்ததைக் களத்தோடு இணைத்துப் பார்க்கவில்லை.

2002இல் டிம் கிண்ட்பெர்க்கும் அர்மாண்டோ ஃபாக்ஸும் இந்தத் துறைக்கு இரண்டு கொள்கைகளை வைத்தார்கள். ஒன்று எல்லை. ஒரு சூழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாக வரையறுக்க வேண்டும். பெரும்பாலும் அது நிஜ உலகின் எல்லையோடு ஒத்துப்போகும். இன்னொன்று நிலையாமை. ஆள், கருவி, நிரல் எதுவும் எப்போது வேண்டுமானாலும் வரும், போகும் என்ற அனுமானத்தில்தான் கட்டத் தொடங்க வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டுக்கு எல்லை உண்டு. கேட்டும் வேலியும் உண்டு. மழை, களம், ஆள், சைரன் நாலும் வேலிக்கு உள்ளே. அவற்றை இணைக்கும் முடிவை மட்டும் வேலிக்கு வெளியே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்திருந்தோம். மலையில் கரண்ட்டும் டவரும் சேர்ந்துதான் போகும், சேர்ந்து போவது மழை நாளில்தான். எச்சரிக்கை எப்போது தேவையோ அப்போதுதான் வழி அடையும். ஏற்காட்டில் ஒரு வாரம் தங்கிய யாருக்கும் இது தெரியும். கீழே உட்கார்ந்து எழுதியதால் நிரலில் அது ஏறவில்லை.

திருத்தம்

முதலில் முடிவை வேலிக்குள் கொண்டுவந்தோம். சர்ப்ஸ்டாக் தன் உள்வேலைக்காகவே ஒரு புரோக்கரைப் பையில் ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருந்தது. அதையே எஸ்டேட்டின் புரோக்கராக்கினோம். விதிகளை நோட்-ரெட் என்ற மென்பொருளில் எழுதி அதே பெட்டியில் வைத்தோம். சைரன் பலகை இப்போது பங்களாவைக் கேட்கிறது. பை, வைஃபை, சைரன் மூன்றுக்கும் தனி பேட்டரி. மும்பைக்கு ஒரு பாலம் மட்டும் போகிறது, தூரத்தில் இருப்பவர் பார்ப்பதற்காக. பாலம் அறுந்தால் மேனேஜருக்குத் தெரியாது, ஆனால் களம் நனையாது.

இரண்டாவது, செய்திக்கு ஆயுள். 2019இல் தரமாக்கப்பட்ட எம்க்யூடிடி 5இல் ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் வைக்கலாம். வைத்திருக்கும் கடைசிச் செய்தியையும் அந்த நேரம் கழிந்ததும் புரோக்கர் தூக்கிவிடும். "மழை இல்லை"க்கு 25 நிமிடம் கொடுத்தோம். "இருக்கிறேன்" ஒரு முறை தவறலாம், அடுத்ததும் தவறினால் அந்தச் சொல் செல்லாது. ஆப்பில் அதுவரை இரண்டு நிலைதான் இருந்தது, சிவப்பும் பச்சையும். மூன்றாவதாகச் சாம்பல் நிறத்தில் "தெரியவில்லை" சேர்ந்தது. நிரலில் பத்து வரி மாற்றம். எங்கள் வேலையிலேயே மிக முக்கியமானது இது என்று நினைக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத கருவியை எந்தக் களத்திலும் வைக்கக் கூடாது.

நேரத்துக்கு, பையில் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைப் பொருத்தினோம். சில நூறு ரூபாய். ஒரு பொத்தான் பேட்டரியில் கரண்ட் இல்லாமலே ஓடும். செய்தியை ரேடியோவில் பிடித்த நொடியே நேரம் முத்திரை குத்தப்படுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய மழைச் செய்தி பதிவில் ஏறும், சைரனைத் தொடாது.

சோதனைக்கு அடுத்த அறுவடையில் ஒரு நாள் குறித்தோம். மெயினை இறக்கி, ரூட்டரில் இருந்த சிம்மைக் கழற்றி, பையை அணைத்து ஏற்றினோம். மேட்டில் நின்ற எங்கள் நண்பர் மழைமானியில் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினார். கீழே சைரன் ஊத எடுத்தது மூன்று நொடி. களத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கு

சோதனை முடிந்து சைரன் பேசத் தொடங்கியும் நம்பிக்கை திரும்பவில்லை. ஜனவரியில் வெயிலில் ஓடிவந்தவர்களுக்குக் காலாவதி நேரமும் பாலமும் பொருட்டில்லை. வழியைச் சொன்னது அதே மூத்த அக்கா. அவருடைய அப்பா சேலத்தில் மில் வேலை பார்த்தவர்.

"மில்லுல தெனமும் சங்கு ஊதுவாங்க தம்பி. ஊதுச்சுன்னா ஷிப்டுன்னு தெரியும். ஒரு நாள் ஊதலேன்னா மில்லுல என்னமோ ஆயிப்போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுரும். உங்க சைரன் மழை வந்தாத்தான் ஊதும்னா, அது உசுரோட இருக்குதா இல்லையான்னு நாங்க எப்படிக் கண்டுபுடிக்கறது?"

இதைவிடச் சரியாக எங்கள் பிழையை நாங்கள் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து காலையில் பேர் கூப்பிடும் நேரத்துக்குச் சைரன் ஒரு நொடி ஊதும். அதுவும் கடிகாரம் பார்த்து ஊதுவதில்லை. மழைமானியின் "இருக்கிறேன்" மேட்டிலிருந்து வந்து, கேட்வே, பை, விதி எல்லாவற்றையும் கடந்தால்தான் ஊதும். சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அன்று காலை மௌனம். அந்த மௌனத்தை எந்த ஆப்பும் இல்லாமல் எல்லோரும் கேட்பார்கள்.

இரண்டு முறை அப்படி நடந்துவிட்டது. ஒருமுறை மழைமானி பேட்டரி இறங்கிவிட்டது. ரைட்டர் தானே மேட்டுக்கு நடந்து போய் மாற்றிவிட்டு, மாற்றியதைப் பேர்ப் புத்தகத்திலேயே குறித்து வைத்தார். இன்னொருமுறை பையின் எஸ்டி கார்டு செத்தது. ஓயாமல் பதிவு எழுதினால் அந்த அட்டைகள் தாங்காது. இப்போது எஸ்எஸ்டி போட்டிருக்கிறோம், பதிவையும் குறைத்துவிட்டோம். மும்பையில் வைத்திருந்தபோது இந்த வேலையை நாங்கள் பேர்லேண்ட்ஸில் உட்கார்ந்தே முடித்திருப்போம். இப்போது வளைவு ஏறிப் போக வேண்டும். எல்லையை உள்ளே இழுத்ததற்கு நாங்கள் கொடுக்கும் விலை அது. பெட்டிமேல் தமிழில் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறோம்: எந்த விளக்கு எரிந்தால் என்ன, எதை அணைத்து எதை ஏற்றுவது, எந்த பேட்டரி எங்கே கிடைக்கும். எழுதியது நாங்கள். திருத்தியது ரைட்டர். "ரீஸ்டார்ட் செய்யவும்" என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு "கருப்பு சுவிட்சை அணைத்து, நூறு எண்ணிவிட்டுப் போடு" என்று எழுதினார்.

நனைந்த களத்துக் காபியைத் தனியாகக் காய வைத்து, தனி மூட்டையாகக் கட்டி, குறைந்த விலைக்கு விற்றார்கள். எங்களிடம் பணம் கேட்கவில்லை. அந்த வருடத்துக் கட்டணத்தை நாங்களும் வாங்கவில்லை.

தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. எங்கள் கேட்வே கிழக்குப் பக்கத்து எஸ்டேட் வரை கேட்கிறது. அவர்கள் மேட்டில் ஒரு மழைமானி வைத்தால் எங்கள் களத்துக்கு இன்னும் சில நிமிடம் கூடும். எங்கள் மழைமானி அவர்களுக்கு உதவாது, மழை அந்தப் பக்கமிருந்து வருகிறது. ஆனாலும் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பதிலுக்குக் கேட்டது ஓடைத் தண்ணீர் அளவு. ஓடை எங்கள் பக்கம் தேக்கிய பிறகுதான் கீழே அவர்களுக்குப் போகிறது, கோடையில் எவ்வளவு விடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். மழையைப் பகிர்வது எளிது. தண்ணீர்க் கணக்கைப் பகிர்வதற்கு இரண்டு முதலாளிகளும் உட்கார்ந்து பேச வேண்டும். எந்தத் தலைப்பு வேலியைத் தாண்டலாம், எது தாண்டக் கூடாது என்ற பட்டியலை இரண்டு ரைட்டர்களும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மழை, மழைமானி பேட்டரி, இரண்டுக்கும் "சரி" போட்டிருக்கிறது. ஓடைக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.